செபமாலை அண்ணர் ஏறிய ஒரேயொரு விமானம்

காசிம் நானாவின் மீன் லொறி அன்று ஒரு மணித்தியாலம் பிந்தி வந்தது. பெட்டிகளை இறக்கச் சொல்லாமல் அவர் நேரே விமானக் களத்துக் கந்தோர் வாசலுக்கு வந்து, தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

“தங்கச்சி, செபமாலை மோசம் போயிட்டார். விடியக் கரைவலை இழுத்துப்போட்டு வந்து கதிரையிலை இருந்தவராம். தேத்தண்ணி கொண்டுபோன மனுசி எழுப்பிப் பார்த்தாவாம். எழும்பேல்லை.”

பிறகு, நான் ஒன்றும் கேட்காமலே, அவரே தொடர்ந்தார்.

“தங்கமான மனுசன். அந்தப் பிளேன் சில்லு விசயத்திலை மட்டும் கொஞ்சம் கவனமில்லாமல் இருந்திட்டார். இல்லாட்டி இண்டைக்கும் இதிலை நிண்டு, ஏன் பிந்தினனீர் எண்டு என்னை ஏசிக்கொண்டெல்லோ இருப்பார்.”

அவர் கவனமில்லாமல் இருக்கவில்லை நானா, அன்று சில்லுக்குப் பக்கத்தில் நின்றது நான்தான் என்று சொல்ல வேண்டிய இடம் அது. நான் சொல்லவில்லை. அடக்கம் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டேன்.

அவரோடு மூன்று வருடம் வேலை செய்தவள் என்ற முறையில், முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி அவருடைய மூத்த மகள் கேட்டிருக்கிறார். கடற்கரையில் அவரை அறிந்தவர்களுக்கு விமானக் களத்தில் அவர் எப்படி இருந்தார் என்பது தெரியாது. களத்தில் அறிந்தவர்களுக்கு ஒரு விஷயம் பிழையாகத் தெரியும். இரண்டு பகுதியாருக்குமாக இதை எழுதுகிறேன்.

வவுனியாவுக்கு வெளியே, உலகச் சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரர் காடு வெட்டிப் போட்ட ஓடுபாதை ஒன்று இருக்கிறது. சண்டை முடிந்ததும் அதை அவர்கள் மாடுகளிடம் விட்டுவிட்டுப் போனார்கள். ஐம்பதுகளின் கடைசியில் கொழும்புக் கம்பனியொன்று அதில் சிறிய சரக்கு விமானமொன்றை இறக்கத் தொடங்கியது. இரண்டு என்ஜின். பறக்கும்போது மடிந்து உள்ளே போகும் இரண்டு சில்லு. வாலில் ஒரு சின்னச் சில்லு. கிழமைக்கு மூன்று தரம் முல்லைத்தீவு மீனும் இறாலும் அதில் கொழும்புக்குப் போகும். திரும்பி வரும்போது மருந்துப் பெட்டிகளும் தண்ணீர் இறைக்கும் மெசின்களின் சாமான்களும் வரும். எங்களுக்கென்று இருந்தது ஒரு தகரக் கொட்டில், ஒரு தராசு, ஒரு தட்டச்சு யந்திரம். கொட்டிலில் கிளாக்கர் நான். வெளியே நடப்பதற்கெல்லாம் பொறுப்பு செபமாலை அண்ணர். வயதுக்கு நான் அவரை மாமா என்று கூப்பிட்டிருக்க வேண்டும். களத்தில் எல்லோரும் அண்ணை என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

நான் போன முதல் நாள் அவர் தராசைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மூட்டை நெல்லை ஏற்றி இறக்கினார். பிறகு தானே ஏறி நின்றார்.

“எழுதுங்கோ பிள்ளை. செபமாலை, ஒண்டு. உப்புப் போடாதது. நூற்றி முப்பத்தெட்டு இறாத்தல். பழுதாக முன்னம் அனுப்பவேணும்.”

நான் சிரிக்கவில்லை. புது இடம், பயம். உண்மையாகவே எழுதிவிட்டேன். அந்தத் தாளை அவர் கனநாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வந்து போகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்.

அந்த நாட்களில் ஒரு பெண்பிள்ளை ஓடுபாதையில் வேலை பார்ப்பது பலருக்குப் பிடிக்கவில்லை. நெளுக்குளத்தில் எங்கள் வீட்டுப் படலையில் நின்றே அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. காசிம் நானாவும் முதல் மாதத்தில், “உந்த வெயிலுக்கை இந்தப் பிள்ளைக்கு என்ன வேலை?” என்று கேட்டார். செபமாலை அண்ணர் ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தவில்லை.

“நானா, உமக்கு எழுதத் தெரியுமெண்டால் சொல்லும். இவாவை இப்பவே வீட்டை அனுப்பிறன்.”

நானா கைநாட்டு வைப்பவர். அதன் பிறகு அந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை. மாறாக, அடுத்த கிழமையிலிருந்து லொறியில் எனக்கென்று ஒரு பார்சல் கருவாடு வரத் தொடங்கியது.

விமானத்தைப் பற்றி ஒரு புத்தகமும் படிக்காதவர் அண்ணர். முல்லைத்தீவுக் கரையில் பிறந்து, தகப்பனோடு வள்ளத்தில் போய் வளர்ந்தவர். ஆனால் பாரம் ஏற்றுவதில் அவருக்கு வந்த பிடி கொழும்பிலிருந்து வந்தவர்களுக்கு வரவில்லை. மீன்பெட்டிக்குள் ஐஸைப் போட்டு, ஐஸ் உருகாமல் உமியைக் கொட்டி, மூடியைச் சாத்திவிட்டு, பெட்டியின் ஒரு முனையைத் தூக்கிப் பார்ப்பார். “இது இடது பக்கம். உது வாலடி.” அவ்வளவுதான். வள்ளம் தண்ணீரில் எப்படிச் சாயுமோ அப்படித்தான் இதுவும் காற்றில் சாயும் என்பார். விமானம் ஓட்டிய கப்டன் கொழும்புப் பறங்கியர். கொஞ்சம் தமிழ் பேசுவார். அண்ணர் அடுக்கிய பாரத்தை அவர் ஒருநாளும் மாற்றச் சொன்னதில்லை.

“செபமாலை, ஒரு நாளைக்கு என்னோட வாரும். மேலை இருந்து உம்முடைய கடலைக் காட்டுறன்.”

“வேண்டாம் ஐயா. இதுக்குக் கீழை தண்ணி இல்லை. கவிண்டால் நான் எங்கை நீந்துறது?”

விமானத்தில் பறப்பதில்லை என்பது அவருடைய முடிவு. பெட்டி அடுக்க உள்ளே போனாலும் ஒரு கால் வாசலில் இருக்கும் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம்.

பாரம் ஏற்றி முடிந்தால், விமானம் போகும் வரைக்கும் வேறு வேலை இல்லை. நான் மேசைக்குக் கீழே ஒரு புத்தகம் வைத்திருப்பேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து வாசலில் குந்தி, “இதிலை ஆர் சாகினம்?” என்று கேட்பார். யார் சாகிறார்கள் என்று முதலிலேயே தெரிந்துகொண்டால்தான் கதையை நிம்மதியாகக் கேட்கலாம் என்பது அவர் கட்சி. நான் சொல்லுவேன். “பாவம்,” என்பார். “சரி, இனித் தொடக்கத்திலை இருந்து சொல்லுங்கோ.”

அவர் என்னை ஒரேயொரு முறைதான் ஏசினார். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

ஒரு நாள் அவர் ஊருக்குப் போக லொறியை நோக்கி நடந்துகொண்டிருந்தார். மேசையில் அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கண்டு நான், “அண்ணை!” என்று கத்திக் கூப்பிட்டேன். அவர் அந்த இடத்திலேயே நின்றார். திரும்பி வந்தார். தராசுத் தட்டில் இருந்தார். “தண்ணி தாங்கோ,” என்றார். குடித்தார். ஐந்து நிமிஷம் எழும்பவில்லை. காசிம் நானா அங்கே ஹோன் அடித்துக்கொண்டிருக்கிறார்.

“பயணம் வெளிக்கிட்ட மனுசனைப் பின்னாலை கூப்பிடக்கூடாது எண்டு உங்கட அம்மா சொல்லித் தரேல்லையோ? கடலுக்குப் போற வழியிலை கூப்பிட்டால் நாங்கள் அண்டைக்கு வள்ளம் தள்ள மாட்டம். கண்ணாடி போனால் போகுது. இனி இப்பிடிக் கூப்பிடாதேங்கோ பிள்ளை.”

அம்மா சொல்லித் தந்திருந்தா. எங்கள் வீட்டிலும் அதுதான் வழக்கம். ஆனால் நான் நாலு புத்தகம் படித்தவள், இதையெல்லாம் நம்புவதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் வருடம், மாசி மாதத்தில் ஒரு காலை, அவருக்குத் தந்தி வந்தது. மூத்த மகள் கொழும்பில் தாதி வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு நெருப்புக் காய்ச்சல், நிலைமை கடுமை, உடனே வரவும் என்று இருந்தது. வாசித்துச் சொன்னது நான்தான். அவர் தாளை வாங்கி மடித்தார். விரித்தார். திரும்ப மடித்தார். ரயில் பின்னேரம்தான். இரண்டு மணித்தியாலத்தில் கொழும்பில் இறங்கக்கூடிய விமானம் கண்முன்னால் பாரம் ஏற்றி நிற்கிறது.

“வாரும் செபமாலை,” என்றார் கப்டன். இந்த முறை அதில் பகிடி இல்லை.

காசிம் நானா லொறிக்குள் வைத்திருந்த புதுச் சேட்டைக் கொடுத்தார். விடியற்காலை முழுவதும் லொறி ஓட்டிய களைப்பில், கொடுத்துவிட்டுப் படுத்தும் விட்டார். அண்ணர் வெள்ளை வேட்டியும் அந்தச் சேட்டுமாக வந்து நின்றபோது எனக்கு யாரோ போல இருந்தது.

எங்கள் களத்தில் என்ஜினை இயக்கும் முன்னரே சில்லுக்கட்டைகளை எடுத்துவிடுவோம். சில்லு உருளாமல் முன்னும் பின்னும் வைக்கும் மரக்கட்டைகள் அவை. சுற்றுகிற விசிறிக்குக் கிட்ட ஆட்களைப் போக விடக்கூடாது என்று அண்ணர் ஏற்படுத்திய முறை அது. கட்டையை இழுப்பவர் சில்லையும், அதைத் தாங்கும் இரும்புக் காலையும் ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் விலக வேண்டும். எப்போதும் அதை அவரே செய்வார்.

“பிள்ளை, இண்டைக்கு மட்டும் நீங்கள் இழுத்துவிடுங்கோ. இந்த மனுசன்ரை சேட்டை ஊத்தையாக்கினால் என்னைக் கொல்லுவார்.”

வலப்பக்கக் கட்டைகளை இழுத்தேன். இடப்பக்கத்துக்குப் போனேன். கயிற்றைப் பிடிக்கக் குனிந்தபோது நிலத்தில் உள்ளங்கையளவு கறுப்பு. எண்ணெய். நிமிர்ந்து பார்த்தால், மேலே சிறகுக்குள்ளிருந்து அந்தக் கால் வழியே மெல்லிய ஈரக் கோடு ஒன்று இறங்கி வந்திருந்தது.

கப்டன் உள்ளே முன்பக்கத்தில் இருந்துவிட்டார். அண்ணர் பையோடு வால்பக்கத்துக் கதவை நோக்கி நடந்துகொண்டிருந்தார். முதுகுதான் தெரிந்தது. நான் வாயைத் திறந்தேன். ‘அண்ணை’ என்ற சொல் நாக்கில் வந்துவிட்டது.

நான் கூப்பிடவில்லை.

சாகக்கிடக்கிற மகளைப் பார்க்கப் போகும் தகப்பனைப் பின்னால் கூப்பிடுவதா என்று நினைத்தேன். கூப்பிட்டு, அந்தப் பிள்ளைக்கு ஏதும் நடந்தால்? லொறியில் எண்ணெய் ஒழுகுவதில்லையா, இதுவும் அப்படித்தான் இருக்கும் என்றும் நினைத்தேன். இதெல்லாம் ஒரு மூச்சுக்குள் நடந்தது. அவர் ஏறி, கதவைச் சாத்த இந்தப் பக்கம் திரும்பினார். அப்போதுதான் நான் வாயை மூடினேன். கட்டையை இழுத்துக்கொண்டு விலகினேன். என்ஜின் உறுமியது.

நம்பாத ஒன்றுக்கு நான் அன்று பயந்தேன். இதை இதைவிட நன்றாக எழுத எனக்குத் தெரியவில்லை.

அரை மணித்தியாலத்துக்குள் விமானம் திரும்பி வந்தது. இறங்கவில்லை, களத்தைச் சுற்றியது. காசிம் நானா லொறியிலிருந்து குதித்து வந்தார்.

“என்ன தங்கச்சி, ஏதும் மறந்திட்டினமோ?” பிறகு கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். “அல்லாவே! ஒரு சில்லைக் காணேல்லை!”

வலச் சில்லு ஒழுங்காக இறங்கியிருந்தது. இடச் சில்லு பாதி வழியில், மடித்த கால் போலத் தொங்கியது. எங்களிடம் வானொலி இல்லை. மேலேயிருப்பவர்களுக்குத் தங்கள் சில்லைப் பார்க்கவும் முடியாது. விமானம் தாழப் பறந்து வந்தது. பக்கக் கதவைத் திறந்துகொண்டு, ஒரு கையால் சட்டத்தைப் பிடித்தபடி, அண்ணர் எங்களைப் பார்த்தார். நான் ஓடுபாதையின் நடுவில் போய் நின்று வலக்கையை நேரே நீட்டினேன். இடக்கையை முழங்கையில் மடித்துப் பிடித்தேன். அவர் தலையை ஆட்டினார். விமானம் மேலே எழுந்தது.

அதன் பிறகு உள்ளே நடந்ததை அவர் பிற்பாடு சொல்லித்தான் அறிந்தேன். சில்லை இறக்குகிற எண்ணெய் குறைவதைக் கண்டுதான் கப்டன் திரும்பியிருக்கிறார்; அதற்குள் எல்லாம் ஒழுகிவிட்டது. கைப்பம்பை அவரும் கப்டனும் மாறி மாறி அடித்தார்கள். பலனில்லை. ஒற்றைச் சில்லில் இறங்குவதென்றால் இடச் சிறகு எவ்வளவு நேரம் நிலத்தில் படாமல் நிற்கிறதோ அவ்வளவுக்கு உயிர் தப்பலாம் என்று கப்டன் சொன்னாராம். “அப்ப பாரத்தை என்னட்டை விடுங்கோ,” என்றாராம் இவர்.

நெளுக்குளத்துக் குளத்துக்கு மேலே விமானம் ஒவ்வொரு சுற்று வரும்போதும் ஒரு பெட்டி விழுந்தது. வயலில் ஆட்கள் நிற்பார்கள் என்று குளத்தைத் தெரிந்தெடுத்தது அவர்தான். மூன்றிலொரு பங்கு பெட்டிகளை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றை வலப்பக்கச் சுவரோடு அடுக்கி, வள்ளத்தில் கட்டுகிற கட்டுப் போட்டு இறுக்கினார். எரிபொருள் குறையும் வரைக்கும் ஒன்றரை மணித்தியாலம் சுற்றினார்கள். கீழே காசிம் நானா லொறியை ஓடுபாதையில் மேலும் கீழும் ஓட்டி, ஹோன் அடித்து, மாடுகளைக் கலைத்துக்கொண்டேயிருந்தார். நான் ஒன்றும் செய்யவில்லை. நின்றேன். அவருக்கு ஏதும் நடந்தால் அதற்கு நான்தான் காரணம் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

விமானம் வலப்பக்கம் சரிந்தபடியே வந்து ஒற்றைச் சில்லில் தொட்டது. ஓடியது. இடச் சிறகு விழவில்லை. களத்தின் பாதி கடந்தும் விழவில்லை. வேகம் குறையக் குறைய அது மெல்ல, களைத்தவர் கையைக் கீழே போடுவது போல, இறங்கி நிலத்தில் முட்டியது. விசிறி முறிந்தது. விமானம் ஒரு வட்டம் சுழன்று பற்றைக்குள் போய்ப் புழுதியோடு நின்றது.

நாங்கள் ஓடிப்போனபோது கப்டன் நெற்றியில் இரத்தத்தோடு கீழே இறங்கியிருந்தார். பின்னால் அண்ணர். இடது கையை வலக்கையால் தாங்கிக்கொண்டிருந்தார், தோளெலும்பு முறிந்திருந்தது. தலையிலிருந்து கால் வரைக்கும் உமியும் மீன்செதிலும்.

“நானா, உம்மடை சேட்டு…” என்றார்.

“சேட்டு நாசமாய்ப் போகட்டும்!” என்று காசிம் நானா அவரைக் கட்டிப்பிடித்து அழுதார்.

அண்ணர் என்னைப் பார்த்துக் கேட்டது ஒன்றுதான். “பிள்ளை, பின்னேர ரயில் எத்தினை மணிக்கு?”

வவுனியா ஆஸ்பத்திரியில் தோளைக் கட்டிக்கொண்டு, அன்று பின்னேர ரயிலிலேயே அவர் போனார். மகள் பிழைத்தார்.

குளத்தில் விழுந்த பெட்டிகள் உடைந்து, அன்று நெளுக்குளத்தார் சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப் பாரையும் விளைமீனும் அள்ளினார்கள். நன்னீர்க் குளத்தில் கடல்மீன் பிடித்த ஊர் என்று எங்களை இன்றைக்கும் நக்கலடிப்பார்கள். எங்கள் அப்பாவும் இரண்டு பாரை கொண்டு வந்தார். அம்மா சமைத்தா. என்னால் சாப்பிட முடியவில்லை.

அடுத்த கிழமை கொழும்பிலிருந்து கம்பனி மேலாளரும் இன்னொருவரும் விசாரணைக்கு வந்தார்கள். இடச் சில்லின் காலுக்குப் போகும் எண்ணெய்க் குழாய் வெடித்திருந்தது என்றும், புறப்படு முன்னரே ஒழுகியிருக்க வேண்டும் என்றும் கண்டுபிடித்திருந்தார்கள். கட்டையை எடுத்தவர் அதைக் கண்டு சொல்லியிருக்க வேண்டும்.

“கட்டையை எடுத்தது யார்?”

நான் தட்டச்சு யந்திரத்தின் முன்னால் இருந்தேன். செபமாலை அண்ணர் தோளில் தூளிக்கட்டோடு கதிரையில் இருந்தார். நான் வாய் திறக்க முதல் அவர் சொன்னார்.

“நான்தான் ஐயா. எப்பவும் நான்தானே எடுக்கிறனான். எண்ணெயைக் காணேல்லை. மகளின்ரை யோசினையிலை இருந்திட்டன்.”

கட்டைகளை அகற்றியவர் செபமாலை என்றும், கசிவைக் கவனிக்கத் தவறியவரும் அவரே என்றும் மேலாளர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். கரித்தாள் வைத்து மூன்று பிரதி. ஒரு எழுத்தும் பிழைக்கவில்லை.

அவர்கள் போன பிறகு கொட்டிலின் பின்பக்கத்தில் அவரிடம் கேட்டேன்.

“ஏன் அண்ணை அப்பிடிச் சொன்னீங்கள்?”

“வேறை என்னத்தைச் சொல்லுறது? என்ரை வேலையை நான்தானே உங்களிட்டைத் தந்தனான்.”

“அதுக்காக…”

“இஞ்சை பாருங்கோ பிள்ளை. என்னை நிப்பாட்டினால் எனக்குக் கடல் கிடக்கு. உங்களை நிப்பாட்டினால், பொம்பிளைப் பிள்ளையை வைச்சதாலைதான் பிளேன் விழுந்தது எண்டு சொல்லுவாங்கள். பிறகு இந்தக் கதிரையிலை இன்னொரு பிள்ளை இருக்கேலாது. விடுங்கோ.”

எண்ணெயை நான் கண்டேன் என்று அவரிடம் அப்போது சொல்லியிருக்கலாம். காணாமல் விட்டவளுக்காக அவர் பழியை ஏற்றார் என்று நினைத்தேன். கண்டும் பேசாமல் நின்றவள் என்று தெரிந்தால் அந்த முகம் எப்படி மாறும் என்று பயந்தேன். “சரி, போட்டு வாறன்,” என்று அவர் எழும்பி நடந்தார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

அந்த மாதக் கடைசியில் அவரை வேலையால் நிறுத்தினார்கள். விமானத்துக்குப் புதுக்கால் பூட்டி, மழைக்கு முன் திரும்பப் பறக்க விட்டார்கள். பாரம் ஏற்ற வந்த புதியவருக்கு ஒவ்வொரு பெட்டிக்கும் இடம் குறித்துத் தாள் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது.

பிறகு அவரை நான் நாலைந்து தரம்தான் கண்டேன். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு அம்மாவோடு போகும்போது, வழியில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் நிற்பார். அவர் வேதக்காரர், மாதா கோவிலுக்குப் போகிறவர். ஆனாலும் அம்மன் கோவிலுக்கு நடந்து வருகிறவர்களுக்குத் தண்ணீர் வார்க்க வருடம் தவறாமல் வருவார்.

“விரதக்காரர் வருகினம், மீன் கதை கதைக்கப்படாது,” என்று என்னைக் கண்டதும் சொல்லுவார். “உங்கடை பிளேன் இன்னும் விழேல்லையோ?”

“இல்லை அண்ணை.”

“அப்ப ஒழுங்காய்க் கட்டுறாங்கள் போலை. இப்ப என்ன புத்தகம்? ஆர் சாகினம்?”

செம்பை என் கையில் தருவார். ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டுமென்று நினைத்துக்கொண்டு போவேன். பின்னால் சனம் வரிசையில் நிற்கும். தண்ணீரைக் குடித்துவிட்டு நடந்துவிடுவேன்.

அடக்கத்துக்குக் காசிம் நானாவின் லொறியில் போனேன். அண்ணருடைய மனைவி திரேசக்கா குசினி வாசலில், பெண்களுக்கு நடுவில் இருந்தா. என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினா. ஆட்கள் சற்று விலகியபோது, அவவின் காதருகே குனிந்து எல்லாவற்றையும் சொன்னேன். கட்டை, எண்ணெய், நான் கூப்பிடாமல் விட்டது. ஏழு வருடத்தில் முதல் தடவையாக ஒருவரிடம்.

அவா என் கையை விடவில்லை.

“அவருக்குத் தெரியும் பிள்ளை.”

“என்ன தெரியும்?”

“கதவைச் சாத்தேக்கை கண்டவராம். நீங்கள் வாயைத் திறந்துபோட்டு மூடினதை. சில்லடியிலை ஏதோ கிடக்குதெண்டு விளங்கிச்சாம். ஆனாலும் ‘கூப்பிட்டிடாதை, கூப்பிட்டிடாதை’ எண்டு மனதுக்கை செபிச்சவராம். நீங்கள் கூப்பிடேல்லை எண்டு நிம்மதியாய்க் கதவைச் சாத்தினவராம். அந்தப் பிள்ளையின்ரை வாயைக் கட்டினது நான்தான் எண்டு எத்தினை தரம் சொல்லியிருப்பார்! கேட்டிருக்க வேண்டியவன் நானெல்லோ எண்டு.”

“என்னட்டை ஒரு நாளும் சொல்லேல்லையே அக்கா.”

“சொன்னால் நீங்கள் கந்தோருக்குப் போய்ச் சொல்லிப்போடுவியள் எண்டு பயந்தவர்.”

வெளியே ஆட்கள் எழும்பினார்கள். பெட்டியைத் தூக்கியவர்கள் அவரோடு அன்று விடிய வலை இழுத்தவர்கள். கால்களில் கடல்மணல் காய்ந்திருந்தது. எல்லோருக்கும் முன்னால், தாதிச் சீருடையோடு நேரே ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூத்த மகள், சிலுவையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மணல் வழியில் அவர் ஒரு தரமும் தடுமாறவில்லை. காற்று கடலிலிருந்து வீசிக்கொண்டிருந்தது.

போய் வாருங்கள் அண்ணை. பாரம் ஒன்றும் உங்களோடு வரவில்லை. உங்களுடையதை இறக்கி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறீர்கள்.

மறுநாள் காலை முல்லைத்தீவுத் தபாற்கந்தோரிலிருந்து கம்பனிக்குப் பதிவுத் தபால் ஒன்று அனுப்பினேன். அன்று கட்டையை எடுத்தது நான், எண்ணெயைக் கண்டது நான், செபமாலை சொன்னது உண்மையல்ல என்று அதில் எழுதியிருந்தேன். பதினோராம் நாள் பதில் வந்தது. பதிவேட்டில் அவருடைய பெயருக்கு எதிரே இருந்த குறிப்பை நீக்கியிருப்பதாகவும், மாத முடிவோடு நான் வேலைக்கு வரத் தேவையில்லை என்றும் இருந்தது.